விண்டோஸ் கிளம்பவில்லையா? ஃபார்மட்டுக்கு முன் செய்ய வேண்டியவை

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது: "எங்கள் உரக்கடையின் கணக்கு முழுவதும் ஒரே டெஸ்க்டாப்பில் இருக்கிறது. ஐ3 எட்டாம் தலைமுறை, 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. அன்றிலிருந்து ஆன் செய்தால் 'பிரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று வருகிறது, கொஞ்ச நேரம் சுற்றுகிறது, சரிசெய்ய முடியவில்லை என்று நீலத் திரை காட்டுகிறது. சர்வீஸ் செய்பவர் ஃபார்மட் போட்டால்தான் ஆகும் என்கிறார். டேலி கணக்கு, ஜிஎஸ்டி ஃபைல்கள், தங்கை கல்யாணப் படங்கள் எல்லாம் அதில்தான். பேக்கப் எடுத்ததே இல்லை. வேறு வழி உண்டா?"

உண்டு. முதல் காரியமாக ஃபார்மட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெஷினை வாங்கி வந்துவிடுங்கள். வந்ததும் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை கிளம்ப முயலும்போதும் விண்டோஸ் அந்த டிஸ்கில் எதையாவது எழுதுகிறது. டிஸ்கே நோய்ப்பட்டிருந்தால் அந்த ஒவ்வொரு முயற்சியும் உங்கள் கணக்குக்குக் கேடு.

நீங்கள் எழுதியதிலேயே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஆன் செய்ததிலிருந்து டெஸ்க்டாப் திரை வரும் வரை வேலை படிப்படியாக நடக்கிறது. மதர்போர்டில் இருக்கும் பயாஸ் முதலில் எழுகிறது (இப்போதைய மெஷின்களில் அது யுஇஎஃப்ஐ). அது டிஸ்கில் வழக்கமாக 100 எம்பி அளவில் இருக்கும் ஒரு சின்னப் பார்ட்டிஷனைத் தேடி, அதிலுள்ள விண்டோஸ் பூட் மேனேஜரை அழைக்கிறது. பூட் மேனேஜர் பிசிடி என்ற பட்டியலைப் படித்து விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது. அதன் பிறகுதான் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலும், வன்பொருள்களை இயக்கும் டிரைவர்களும் ஏறுகின்றன, கடைசியில் லாகின் திரை வருகிறது. உங்கள் மெஷின் 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' வரை வந்துவிடுகிறது. அப்படியென்றால் பயாஸ் டிஸ்கைப் பார்க்கிறது, பூட் மேனேஜர் உயிரோடு இருக்கிறது, பழுதுபார்ப்புக்கென்று தனியாக இருக்கும் சிறிய விண்டோஸும் ஏறுகிறது. கோளாறு அதற்கு அடுத்த கட்டத்தில், கெர்னலோ டிரைவரோ பாதியில் நின்ற அப்டேட்டோ இருக்கும் இடத்தில்.

இதை ஏன் விளக்குகிறேன் என்றால், இந்தச் சிக்கலுக்கு வீடியோக்களில் முதலில் சொல்லப்படுவது 'பூட்ரெக்' கட்டளைகள். அவை பூட் மேனேஜரும் பிசிடியும் கெட்டுப்போனால் தரும் மருந்து. உங்களுக்கு அந்தப் பகுதி நன்றாகவே இருக்கிறது. நன்றாக இருப்பதைக் கிளறினால் கோளாறு ஒன்றுக்கு இரண்டாகும்.

விண்டோஸ் கிளம்பவில்லை என்பதும் விண்டோஸ் முழுதும் கெட்டுவிட்டது என்பதும் ஒன்றில்லை. 2024 ஜூலை 19 நினைவிருக்கும். கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான அப்டேட் ஒன்றால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கணினிகளுக்கு யாரும் ஃபார்மட் போடச் சொல்லவில்லை. சேஃப் மோடில் (அத்தியாவசியமானவற்றை மட்டும் ஏற்றிக்கொண்டு விண்டோஸ் கிளம்பும் நிலை) நுழைந்து, டிரைவர் ஃபோல்டருக்குள் இருந்த ஒரு ஃபைலை அழித்தால் போதும், பழையபடி கிளம்பியது. உங்களுடையதும் அப்படி ஒரே ஃபைலில் நிற்கும் கோளாறாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எந்த ஃபைல் என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன் கணக்கைக் காப்பாற்ற வேண்டும்.

பயாஸுக்குள் ஒரு முறை போய்ப் பாருங்கள். ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 கீயை விட்டு விட்டுப் பல முறை அழுத்தினால் திறக்கும். அங்கே மூன்று விஷயங்கள். டிஸ்கின் பெயர் பட்டியலில் வருகிறதா? தேதியும் நேரமும் சரியா? சாட்டா மோட் (மதர்போர்டு டிஸ்கோடு பேசும் முறை) என்ன? தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கரண்ட் போனதும் பயாஸ் தன் அமைப்புகளையெல்லாம் மறந்து ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும். விண்டோஸ் போடும்போது ஏஎச்சிஐ என்று இருந்த சாட்டா மோட் அப்போது ரெய்டு என்று மாறிவிட்டால், விண்டோஸுக்குத் தன் டிஸ்கே தெரியாமல் போய் 'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்' என்ற நீலத் திரையில் நிற்கும். பழைய அமைப்பைத் திருப்பி வைத்து, புது பேட்டரி போட்டால் தீர்ந்தது. கரண்ட் போன பிறகு வந்த கோளாறு என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இந்தத் தேதியைத்தான்.

அது சரியாக இருந்தால் அடுத்தது டேட்டா. இதற்கு நான் சொல்வது உபுண்டு பென் டிரைவ். உபுண்டு என்பது விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம், இலவசம். வேறு ஒரு கணினியில் உபுண்டுவை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் 8 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள பென் டிரைவில் ஏற்றுங்கள். அந்தப் பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், காலியானதை எடுங்கள். அதைச் சொருகி ஆன் செய்து, பூட் மெனு கீயை அழுத்தி (எஃப்12, எஃப்11, எஃப்9, எஸ்கேப் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) அதைத் தேர்ந்தெடுங்கள். 'ட்ரை உபுண்டு' என்பதை மட்டும் அழுத்துங்கள், 'இன்ஸ்டால்' பக்கம் போகவே வேண்டாம். உபுண்டு பென் டிரைவிலிருந்தே ஓடும், உங்கள் ஹார்ட் டிஸ்கில் எதையும் எழுதாது.

ஃபைல்கள் எடுக்கும் முன் அங்கேயே 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்து, மேலே மூன்று புள்ளி மெனுவில் 'ஸ்மார்ட் டேட்டா' என்பதைப் பாருங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஏடு அது. பெரிய பட்டியலாக இருக்கும், மலைக்க வேண்டாம். 5, 197, 198 என்ற எண் கொண்ட மூன்று வரிகள் போதும். 5 என்பது ஏற்கெனவே கெட்டு, ஒதுக்கி வைக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்கின் சின்னச் சின்னக் கட்டங்கள்). 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 என்பது எப்படியும் படிக்க முடியாதவை. மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. 197 அல்லது 198 பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் உங்கள் பிரச்சினை விண்டோஸ் இல்லை, டிஸ்க். அந்த டிஸ்கில் என்ன பழுது பார்த்தாலும், ஏன், ஃபார்மட் போட்டு விண்டோஸ் புதிதாக ஏற்றினாலும், மறுபடி இதே இடத்துக்கு வந்து நிற்க வாய்ப்பு அதிகம். 199 என்ற வரி மட்டும் ஏறியிருந்தால் சாட்டா கேபிளைச் சந்தேகப்படுங்கள். டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் தகவல் போகும்போது வரும் பிழைகள்தான் அங்கே எண்ணப்படுகின்றன. கேபிள் மாற்றுவது சில்லறைச் செலவு.

டிஸ்கிலிருந்து 'டக் டக்' என்று தாளம் போல ஒலி வந்தால் உடனே கரண்டை நிறுத்துங்கள். அதற்குப் பிறகு வீட்டில் செய்யக்கூடியது எதுவும் இல்லை, டேட்டா மீட்பவர்களிடம்தான் போக வேண்டும். ஒலி இல்லை, ஆனால் 197 ஏறியிருக்கிறது என்றால், ஃபைல் ஃபைலாகப் பொறுக்குவதைவிட 'டிடி ரெஸ்க்யூ' என்ற கருவியால் முழு டிஸ்கையும் அதே அளவுள்ள அல்லது பெரிய இன்னொரு டிஸ்குக்குப் பிரதி எடுப்பது நல்லது. எளிதாகப் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, சிரமமானவற்றுக்கு அப்புறம் திரும்பி வரும் கருவி அது. எதுவரை எடுத்தது என்று குறித்துக்கொள்ள மேப் ஃபைல் ஒன்றைக் கொடுத்துவிட்டால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

டிஸ்க் நலமாக இருந்தால் வேலை சுலபம். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் சொருகி, உபுண்டுவின் ஃபைல் மேனேஜரில் விண்டோஸ் பார்ட்டிஷனைத் திறந்து காப்பி செய்ய வேண்டியதுதான். விண்டோஸ் ஒழுங்காக மூடப்படாததால் திறக்க மறுக்கலாம், அல்லது படிக்க மட்டும் அனுமதிக்கலாம். நமக்குத் தேவையும் அதுவே. மறுத்தால் டெர்மினலில் மவுண்ட் கட்டளையோடு 'ஆர்ஓ' என்ற விருப்பத்தைச் சேர்த்து, படிக்க மட்டுமாகத் திறக்கலாம். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருப்பதை முழுவதும் எடுங்கள்: டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ். டேலியைப் பலர் மறப்பதே இங்கேதான். டேலிபிரைம் வழக்கமாகத் தன் கணக்கை உங்கள் பெயரிலுள்ள ஃபோல்டரில் வைக்காது. யூசர்ஸுக்குள் 'பப்ளிக்', அதற்குள் 'டேலிபிரைம்', அதற்குள் 'டேட்டா' என்ற ஃபோல்டரில், ஒவ்வொரு கம்பெனிக்கும் வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டராக வைத்திருக்கும். நிறுவியவர் வேறு டிரைவில் வைத்திருக்கவும் கூடும். எண் ஃபோல்டர்கள் கிடைக்கும் வரை தேடுங்கள். எடுத்ததை வேறொரு கணினியில் டேலியில் திறந்து, கடைசியாகப் போட்ட பில் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள். காப்பி ஆனது என்று திரை சொல்வதும் கணக்கு திறப்பதும் வேறு வேறு.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல லேப்டாப்களில் டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கும், வாங்கியவருக்கே அது தெரியாது. உபுண்டுவில் அந்தப் பார்ட்டிஷன் பூட்டோடு தெரியும், திறக்க 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து பயன்படுத்தியிருந்தால் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சாவி சேமிக்கப்பட்டிருக்கும். வேறு கணினியிலோ போனிலோ கணக்கைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். கிரவுட்ஸ்டிரைக் நாளில் பல அலுவலகங்களில் ஃபைலை அழிக்க ஆன நேரத்தைவிட இந்தச் சாவியைத் தேட ஆன நேரம் அதிகம். லேப்டாப் நன்றாக ஓடும்போதே அந்தச் சாவியை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

உபுண்டு பென் டிரைவ் செய்ய இன்னொரு கணினி கிடைக்கவில்லை என்றால், நீலத் திரையிலேயே ஒரு வழி இருக்கிறது. 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், 'டிரபிள்ஷூட்', மறுபடி 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'கமாண்ட் பிராம்ப்ட்'. கறுப்புத் திரை வந்ததும் 'நோட்பேட்' என்று அடித்து என்டர் கொடுங்கள். நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல் மெனுவில் 'ஓப்பன்' அழுத்தினால் வரும் சின்ன ஜன்னல் ஒரு முழு ஃபைல் மேனேஜர் போலவே வேலை செய்யும். கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றிக்கொண்டு, வேண்டிய ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து காப்பி, பென் டிரைவுக்குப் போய் பேஸ்ட். எவ்வளவு ஆனது என்று எதுவும் காட்டாது, உறைந்துவிட்டது போல் நிற்கும். பொறுமையாக விடுங்கள். ஃபைல்கள் நிறைய என்றால் அதே கறுப்புத் திரையில் 'ரோபோகாப்பி' கட்டளை உண்டு. அதைப் பயன்படுத்தினால் மறுமுயற்சி எண்ணிக்கையை 1 என்றும் காத்திருப்பை 1 நொடி என்றும் கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால், படிக்க முடியாத ஒரு ஃபைலை 30 நொடிக்கு ஒரு முறை என்று 10 லட்சம் தடவை முயலும். அதுதான் அதன் இயல்பான அமைப்பு.

டேட்டா பத்திரம் என்றானதும் பழுதுபார்ப்பு. இனி மனப்பதற்றம் இல்லாமல் செய்யலாம். கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

முதலில் காரணத்தைக் கேட்போம். ஆட்டோமேட்டிக் ரிப்பேர் தோற்கும்போது ஒரு அறிக்கை எழுதி வைக்கிறது. அந்த நீலத் திரையிலேயே சின்ன எழுத்தில் அதன் இடமும் இருக்கும்: விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் லாக்ஃபைல்ஸ், அதற்குள் எஸ்ஆர்டி என்ற ஃபோல்டர், அதில் 'எஸ்ஆர்டி டிரெயில்' என்ற டெக்ஸ்ட் ஃபைல். மேலே சொன்ன நோட்பேட் வழியாகவே அதைத் திறந்து கடைசிப் பகுதிக்குப் போங்கள். 'ரூட் காஸ் ஃபவுண்ட்' என்று ஒரு வரி இருக்கும். அதன் கீழே ஒரு டிரைவர் ஃபைலின் பெயரைச் சொல்லி அது கெட்டுவிட்டது என்று இருக்கலாம், அல்லது சமீபத்தில் அப்டேட் ஆன பூட் ஃபைல் கெட்டுவிட்டது என்று இருக்கலாம். கரண்ட் போன கதைக்கு இரண்டாவது நன்றாகப் பொருந்தும். சர்வீஸ் செய்யும் எவரும் ஒரு நிமிடத்தில் படிக்கக்கூடிய அறிக்கை இது, படிக்காமலேயே ஃபார்மட் என்று முடிவு செய்வது வருத்தமாக இருக்கிறது.

உங்கள் மெஷினில் அப்டேட் பாதியில் நின்றதால், 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' என்பதை முதலில் முயலுங்கள். மாதாந்திர அப்டேட்டை நீக்கும் தேர்வும், பெரிய பதிப்பு அப்டேட்டை நீக்கும் தேர்வும் தனித்தனியாக இருக்கும். மாதாந்திரத்தை நீக்குங்கள். அதில் கிளம்பிவிட்டால் கொண்டாடுங்கள். அடுத்து 'சிஸ்டம் ரீஸ்டோர்', முன்பு சேமித்த ஒரு புள்ளிக்கு விண்டோஸைத் திருப்பிக் கொண்டுபோகும் வசதி. விண்டோஸ் 10-இல் பல மெஷின்களில் அது ஆரம்பத்திலிருந்தே அணைந்திருக்கும், புள்ளிகள் எதுவும் இல்லை என்று சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம். 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியாக ரீஸ்டார்ட் செய்து 4 அழுத்தினால் சேஃப் மோட். அதில் மட்டும் கிளம்புகிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் ஒரு டிரைவரோ ஆன்டிவைரஸோதான். கடைசியாகப் போட்டதை நீக்கிப் பாருங்கள்.

எதுவும் ஆகவில்லை என்றால் கறுப்புத் திரைக்குத் திரும்புவோம். இங்கே ஒரு குழி இருக்கிறது. பழுதுபார்ப்புச் சூழலில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும். நீங்கள் நிற்பது 'எக்ஸ்' என்ற டிரைவில், அது ராமில் ஓடும் தற்காலிக விண்டோஸ். உங்கள் உண்மையான விண்டோஸ் 'சி'-யிலும் இருக்கலாம், 'டி'-யிலும் இருக்கலாம். 'டிஐஆர்' என்று அடித்து, இடைவெளி விட்டு, டிரைவ் எழுத்தும் முக்காற்புள்ளியும் கொடுத்தால் உள்ளே இருப்பதைக் காட்டும். 'விண்டோஸ்', 'யூசர்ஸ்' என்ற ஃபோல்டர்கள் எதில் தெரிகின்றனவோ அதுதான். நான் கீழே 'சி' என்றே எழுதுகிறேன், உங்களுடையதை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்க செக் டிஸ்க்: 'சிஎச்கேடிஎஸ்கே சி: /எஃப்'. டேட்டா எடுக்கும் முன் இதைச் செய்யாதீர்கள் என்பதற்குக் காரணம், இது சரிசெய்யும் முயற்சியில் ஃபைல்களைத் துண்டாக்கவும் செய்யும், நலமில்லாத டிஸ்கைக் கசக்கிப் பிழியவும் செய்யும். '/ஆர்' சேர்த்தால் டிஸ்க் முழுவதும் தேடும், 1 டிபி ஹார்ட் டிஸ்கில் பல மணி நேரம் ஆகும். ஸ்மார்ட் எண்கள் பூஜ்யமாக இருந்தால் அதற்குத் தேவையில்லை.

அடுத்தது உங்கள் கோளாறுக்கு நேரான மருந்து: 'டிஐஎஸ்எம் /இமேஜ்:சி:\ /கிளீனப்-இமேஜ் /ரிவர்ட்பெண்டிங்ஆக்‌ஷன்ஸ்'. பாதியில் நிற்கும் அப்டேட் வேலைகளையெல்லாம் ரத்து செய்து முந்தைய நிலைக்குக் கொண்டுபோகச் சொல்லும் கட்டளை. முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். 'அன்டூயிங் சேஞ்சஸ்' என்று திரையில் வந்து நீண்ட நேரம் நின்றால் கை வைக்காதீர்கள். இன்னொரு கரண்ட் கட்டை இந்த நேரத்தில் தாங்காது, யுபிஎஸ் இரவல் வாங்கியாவது சொருகி வையுங்கள்.

அதற்குப் பிறகும் கிளம்பவில்லை என்றால் சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி: 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ் /ஆஃப்பூட்டிர்=சி:\ /ஆஃப்விண்டிர்=சி:\விண்டோஸ்'. 'ஆஃப்பூட்டிர்' என்பது ஆங்கிலத்தில் ஓஎஃப்எஃப்பிஓஓடிடிஐஆர், நடுவில் முதலில் 'டைம்' என்பதில் வரும் டி, அடுத்து 'டோர்' என்பதில் வரும் டி, கவனம். மற்றதில் விண்டோஸின் விண் மட்டும், பிறகு டிஐஆர். வெறும் 'ஸ்கேன்நவ்' மட்டும் அடித்தால் நீங்கள் நிற்கும் தற்காலிக விண்டோஸைத்தான் பார்க்கும், உங்களுடையதை இல்லை. 'சிஸ்டம் ரிப்பேர் பெண்டிங்' என்று சொல்லி ஓட மறுத்தால், மேலே சொன்ன ரத்து கட்டளை இன்னும் வேலை செய்யவில்லை என்று பொருள். கெட்ட ஃபைல்களைக் கண்டுபிடித்தும் சரிசெய்ய முடியவில்லை என்றால், நல்ல பிரதிகளை வைத்திருக்க வேண்டிய கிடங்கே கெட்டிருக்கிறது. அதற்கு டிஐஎஸ்எம்மின் 'ரெஸ்டோர்ஹெல்த்' கட்டளையை, உங்கள் பதிப்புக்குப் பொருந்தும் விண்டோஸ் பென் டிரைவில் 'சோர்சஸ்' ஃபோல்டரில் இருக்கும் 'இன்ஸ்டால்' ஃபைலை மூலமாகக் காட்டி ஓட்ட வேண்டும். 'எக்ஸ்' டிரைவில் இடம் மிகக் குறைவு. 'ஸ்கிராட்ச்டிர்' என்ற விருப்பத்தில் சி-யில் ஒரு காலி ஃபோல்டரைக் கொடுத்தால் இடமில்லை என்ற பிழை வராது. இது முடிந்த பிறகு எஸ்எஃப்சியை இன்னொரு முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஃபைல்கள் கெட்டதாகச் சொன்னால் ராமைச் சந்தேகப்பட வேண்டும். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஒரு ராத்திரி ஓடட்டும்.

ஒரு எச்சரிக்கை. பழைய வழிகாட்டிகளில் 'ரெக்பேக்' என்ற ஃபோல்டரிலிருந்து ரெஜிஸ்ட்ரி ஃபைல்களை (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடம் ரெஜிஸ்ட்ரி) காப்பி செய்து போடச் சொல்லியிருப்பார்கள். ஒரு காலத்தில் அருமையான வைத்தியம் அது. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து விண்டோஸ் அந்த ஃபோல்டரில் தானாகப் பிரதி எடுப்பதை நிறுத்திவிட்டது. ஃபைல்கள் பெயருக்கு இருக்கும், அளவு 0. அந்தக் காலி ஃபைலை நல்ல ரெஜிஸ்ட்ரி மேல் போட்டால், காப்பாற்றியிருக்கக்கூடிய விண்டோஸும் போய்விடும். அளவைப் பார்க்காமல் அதைத் தொடவே வேண்டாம்.

பூட் மேனேஜரே கெட்டவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். லோகோ வந்து, 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்றோ பிசிடி காணவில்லை என்றோ நிற்கும், ஆனால் பயாஸில் டிஸ்க் தெரியும் என்றால் இது உங்களுக்கு. யுஇஎஃப்ஐ மெஷினில் 'பூட்ரெக் /ஃபிக்ஸ்பூட்' அடித்தால் பெரும்பாலும் 'ஆக்சஸ் டினைடு' என்றுதான் வரும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். 'டிஸ்க்பார்ட்' அடித்து, 'லிஸ்ட் வால்யூம்' கொடுத்து, ஃபேட்32 என்று இருக்கும் சின்னப் பார்ட்டிஷனின் எண்ணைப் பாருங்கள். சொருகியிருக்கும் பென் டிரைவும் ஃபேட்32-ஆக இருக்கலாம், அளவை வைத்துப் பிரித்தறியுங்கள். 'செலக்ட் வால்யூம்' என்று அந்த எண்ணைக் கொடுத்து, 'அசைன் லெட்டர்=எஸ்', பிறகு 'எக்ஸிட்'. கடைசியில் 'பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யுஇஎஃப்ஐ'. 'பூட் ஃபைல்ஸ் சக்சஸ்ஃபுல்லி கிரியேட்டட்' என்று ஒரே வரி வரும். பூட் ஃபைல்கள் எல்லாம் விண்டோஸ் ஃபோல்டரிலிருந்தே புதிதாக எடுத்து வைக்கப்பட்டுவிட்டன.

சரி, உங்கள் மெஷினுக்கு வருவோம். இவ்வளவும் செய்து கிளம்பிவிட்டால், அப்படியே விடாமல் ஒரு முறை ரிப்பேர் இன்ஸ்டால் செய்யுங்கள். ஓடும் விண்டோஸுக்குள்ளிருந்தே விண்டோஸ் ஐஎஸ்ஓவை (விண்டோஸை நிறுவுவதற்கான ஃபைல்) திறந்து செட்அப்பை ஓட்டி, ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள்ளும் தேர்வைக் கொடுத்தால், சிஸ்டம் ஃபைல்கள் மட்டும் புதிதாகும். டேலி, பிரின்டர் எல்லாம் அப்படியே இருக்கும். பென் டிரைவிலிருந்து பூட் செய்து இதைச் செய்ய முடியாது, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

கிளம்பவே இல்லை என்றால் புதிதாகப் போட வேண்டியதுதான். அப்போதும் அந்தப் பழைய டிஸ்கில் போடாதீர்கள் என்பது என் உறுதியான யோசனை. சின்ன எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, அதில் போடுங்கள். போடும் நேரத்தில் பழைய ஹார்ட் டிஸ்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். இது முக்கியம். இரண்டும் சொருகியிருந்தால், விண்டோஸை எஸ்எஸ்டியில் போட்டுவிட்டு, பூட் ஃபைல்களைப் பழைய டிஸ்கிலிருக்கும் பார்ட்டிஷனில் வைத்துவிடக்கூடும். அப்படி வைத்திருந்தால், பிறகு என்றாவது பழையதைக் கழற்றும்போது புதியதும் கிளம்பாது. பழைய டிஸ்க் தொடாமல் இருப்பதில் இன்னொரு லாபம், எதையாவது எடுக்க மறந்திருந்தால் அது அங்கேயே இருக்கும். வாங்கும்போதே முறையான விண்டோஸாக இருந்தால் லைசன்ஸ் மதர்போர்டோடு பிணைந்திருக்கும். கீ கேட்கும் இடத்தில் 'என்னிடம் கீ இல்லை' என்பதைக் கொடுத்து, முன்பிருந்த அதே எடிஷனைத் தேர்ந்தெடுத்தால், நெட் இணைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். ஆக்டிவேட்டர் என்ற பெயரில் கிடைக்கும் மென்பொருள்களைக் கணக்கு வைத்திருக்கும் மெஷினில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

எப்படியும் புதிதாகப் போடுகிறீர்கள் என்றால் விண்டோஸ் 11 போடுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்தால் வீட்டுப் பயனாளருக்கு 2026 அக்டோபர் 13 வரைதான். இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்து விண்டோஸ் 11-க்கு அனுமதி உண்டு, உங்களுடையது சரியாக அந்த வாசலில் நிற்கிறது. பயாஸில் பிடிடி என்று இருப்பதை ஆன் செய்தால் அது கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி கிடைத்துவிடும். பதினோராம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகு வந்த லேப்டாப்பில் விண்டோஸ் போடுபவர்களுக்கு, டிஸ்கே இல்லை என்று இன்ஸ்டாலர் சொன்னால் பயப்பட வேண்டாம். இன்டெல் விஎம்டி என்ற அமைப்பு டிஸ்கை மறைத்திருக்கும். லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவில் எடுத்து, 'லோட் டிரைவர்' கொடுத்தால் தெரியும்.

மெஷின் ஓடத் தொடங்கிய அன்றே மூன்று காரியம் முடித்துவிடுங்கள். ஒரு யுபிஎஸ். சிஸ்டம் ரீஸ்டோருக்கான புள்ளிகளைச் சேமிக்கும் சிஸ்டம் புரொடெக்‌ஷனை ஆன் செய்வது. டேலியில் தினமும் கடை சாத்தும் முன் பேக்கப் எடுத்து, வாரம் ஒரு முறையாவது அதைக் கடைக்கு வெளியே இருக்கும் ஒரு பென் டிரைவுக்கு மாற்றுவது.

நடுவில் எங்காவது நின்றால் எனக்கு எழுதுங்கள். எழுதும்போது எஸ்ஆர்டி டிரெயில் ஃபைலின் கடைசிப் பத்து வரிகள், ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 வரிகளின் மதிப்பு, பயாஸில் சாட்டா மோட் என்ன என்று இருக்கிறது, இந்த மூன்றையும் போட்டோ எடுத்துச் சேர்த்தால் மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று சொல்ல முடியும்.